என் மதம் இல்லாத பல்கலைக்கழகத்தில் நர்சிங் படிக்கலாமா?

கேள்வி:

மேடம், மத அமைப்பு ஒன்று நடத்தும் பல்கலைக்கழகத்தில் எனக்கு நர்சிங் இளங்கலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. நான்கு ஆண்டுப் படிப்பு. அந்த மதம் எங்கள் வீட்டு மதம் இல்லை. எனக்குச் சாமி நம்பிக்கையே அவ்வளவாகக் கிடையாது. விதிமுறைப் புத்தகத்தில் காலை வழிபாடு, ஆண்டுதோறும் ஒரு சமயப் பாடம், உடை, ஹாஸ்டல் கட்டுப்பாடு என்று நிறைய இருக்கிறது. "படிக்கப் போய் வேறு ஆளாகத் திரும்பி வந்துவிடாதே" என்கிறார் அப்பா. இந்தப் பட்டத்துக்கு மற்றப் பட்டங்களின் மதிப்பு இருக்குமா? அவர்கள் கொள்கையும் என் மனசாட்சியும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது? நம்பிக்கை இல்லாமல் அங்கே போய் உட்கார்ந்தால் நான் வேஷம் போடுபவள் ஆகிவிட மாட்டேனா? என்னை 'நீ' என்றே எழுதலாம்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறாய். முதல் இரண்டும் விசாரித்தால் தெரிந்துவிடும். மூன்றாவதுதான் உன்னை உறுத்திக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது. நானும் என் மதம் இல்லாத ஒரு மதத்தார் நடத்திய கல்லூரியில்தான் நர்சிங் படித்தேன். அதற்குப் பிறகு முப்பது வருஷம் வார்டிலும் வகுப்பிலுமாக ஓடிவிட்டது. அதனால் மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்றாம் ஆண்டில் எனக்கு அறுவை சிகிச்சை வார்டில் போஸ்டிங். காலை ஏழரைக்குள் முதல் கேஸை தியேட்டருக்கு அனுப்ப வேண்டும். ஒரு பாட்டி, பித்தப்பை ஆபரேஷன். செக்லிஸ்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வருகிறேன். சம்மதக் கையெழுத்து வாங்கியாயிற்று. பல்செட்டைக் கழற்றியாயிற்று. நகையை வீட்டாரிடம் கொடுத்தாயிற்று. இடது மணிக்கட்டில் ஒரு கயிறு இருந்தது. நிறமெல்லாம் போய், அழுக்கேறி, இறுகிப்போய்க் கிடந்தது. ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் சின்னக் குழாயான கேனுலாவைப் போட இடைஞ்சல். கத்தரியை எடுத்து வெட்டி, கட்டிலுக்கு அடியில் இருந்த கூடையில் போட்டுவிட்டேன். பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. வெறுமையாகிப்போன மணிக்கட்டை இன்னொரு கையால் மூடிக்கொண்டார். ஐந்து நிமிஷம் கழித்து பிபி பார்த்தபோது, முன்னால் பார்த்ததைவிட நன்றாக ஏறியிருந்தது.

எங்கள் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் அந்தக் கல்லூரியை நடத்திய மதத்தின் துறவி. பாட்டிக்கு அந்த மதத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்தார், பாட்டியின் கையைப் பார்த்தார். "கயிறு எங்கே?" என்று என்னைக் கேட்டார். கூடையைக் காட்டினேன். கையுறையை மாட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டு, பஞ்சுக்கும் பிளாஸ்டர் துண்டுகளுக்கும் நடுவிலிருந்து அதைத் தேடி எடுத்தார். ஸ்பிரிட்டில் துடைத்து, சுத்தமான காஸ் துணியில் மடித்து, ஒரு சின்னக் கவரில் போட்டு, மேலே பாட்டியின் பெயரையும் நம்பரையும் எழுதினார். "தியேட்டர் வாசல் வரைக்கும் நீங்களே பிடிச்சுக்குங்க பாட்டி. உள்ளே போறப்ப நான் வாங்கி வச்சுக்கிறேன். வெளியே வந்ததும் கட்டிவிடுறேன்" என்றார். சொன்னபடி அன்று சாயங்காலம் கேனுலா இல்லாத கையில் கட்டியும் விட்டார். என்னைத் திட்டவில்லை. "அவிழ்க்கலாமான்னு கேட்டிருந்தா அவங்களே அவிழ்த்துக் கொடுத்திருப்பாங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சிஸ்டருக்கும் பாட்டிக்கும் கடவுள் ஒன்றல்ல. கயிற்றுக்குச் சக்தி உண்டு என்று சிஸ்டர் நம்பியிருக்கவும் மாட்டார். ஆனாலும் குப்பைக் கூடைக்கு முன்னால் மண்டியிட்டார். கட்டிலில் படுத்திருப்பவரின் நம்பிக்கைதான் அங்கே கணக்கு என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. உன் நம்பிக்கையோ, உன் கல்லூரியின் நம்பிக்கையோ அதற்குப் பின்னால்தான் வரும். நம்பிக்கை குறைவாக இருக்கும் உன்னைப் போன்ற பெண்ணுக்கு இந்தத் தொழிலில் தாராளமாக இடம் உண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

இது என்னுடைய சொந்தக் கருத்து என்று நினைத்துவிடாதே. நீ படிக்கப்போகும் பாடத்திலேயே இது இருக்கிறது. வர்ஜீனியா ஹெண்டர்சன் என்ற அமெரிக்க நர்சிங் அறிஞர் நர்சிங் கவனிப்பின் அடிப்படைத் தேவைகள் என்று 14 விஷயங்களை வகுத்தார். மூச்சு விடுவது, சாப்பிடுவது, கழிவு வெளியேறுவது என்று போகும் அந்த வரிசையில் பதினோராவது, நோயாளி தன் நம்பிக்கைப்படி வழிபடுவது. சர்வதேசச் செவிலியர் மன்றம் 1953-இல் முதன்முதலாக ஒழுக்க நெறிகளை ஏற்றுக்கொண்டது. பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கும் அந்த நெறிகள், நோயாளியின் ஆன்மிக நம்பிக்கைகளை மதிக்கும் சூழலை உண்டாக்கித் தருவது செவிலியரின் வேலை என்கின்றன. 'ஆன்மிகத் துயரம்' என்பது 1978 முதல் நர்சிங் நோயறிதல் பட்டியலிலேயே இருக்கிறது. காய்ச்சலைக் குறிப்பது போல அதையும் குறித்து வைத்து, அதற்கும் ஒரு கவனிப்புத் திட்டம் எழுத வேண்டும்.

நோயாளியிடம் இதை எப்படி விசாரிப்பது என்று தயங்காதே. கிறிஸ்டினா புச்சால்ஸ்கி என்ற மருத்துவர் 1996-இல் சக மருத்துவர்களோடு சேர்ந்து உருவாக்கிய எளிய முறை ஒன்று பல கல்லூரிகளில் சொல்லித் தரப்படுகிறது. நான் என் பிள்ளைகளுக்கு அதைப் பேச்சுவழக்கில் இப்படிச் சொல்லிக் கொடுப்பேன்: "உங்களுக்குத் தெம்பு தருவது எது? இந்த வைத்தியத்தில் அது எவ்வளவு முக்கியம்? உங்களுக்காகக் கூட நிற்பவர்கள் யார்? நாங்கள் என்ன செய்து தர வேண்டும்?" நான்கு கேள்வி, ஐந்து நிமிஷம். உடம்பு துடைத்துவிடும்போதே கேட்டுவிடலாம்.

ஒருநாள் நைட் டியூட்டியில் யாராவது உன் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காகக் கொஞ்சம் வேண்டிக்கொள்ளம்மா" என்பார்கள். நம்பாத வார்த்தைகளை நீ வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். "நீங்க வேண்டிக்கோங்க, நான் கூடவே உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். டிரிப்ஸ் முடியப்போகிறது, பக்கத்துப் பெட்டில் பெல் அடிக்கிறது என்றாலும் இரண்டு நிமிஷம் ஒதுக்கிவிடு. விடிந்ததும் அவருடைய குருவையோ, வீட்டுப் பெரியவரையோ வரவழைக்க ஏற்பாடு செய். இதில் வேஷம் எங்கே இருக்கிறது?

காலை வழிபாட்டுக்கும் இதையே சொல்வேன். பிறர் வணங்கும்போது தலை தாழ்த்தி அமைதியாக உட்கார்ந்திருப்பது மரியாதை. நான்கு வருஷம் நான் அப்படித்தான் உட்கார்ந்தேன். அந்த இருபது நிமிஷத்தில் பல நாள் முந்தைய ராத்திரி படித்த மருந்தியலை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், சில நாள் அழுதும் இருக்கிறேன். ஆனால் "இந்த மதத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லும் கல்லூரிகளும் உலகத்தில் இருக்கின்றன. அப்படி ஒரு வாசகம் உன் விண்ணப்பத்தில் இருந்தால், அதை நீ நம்பவில்லை என்றால், கையெழுத்துப் போடாதே. வேறு கல்லூரி பார். நோயாளிக்குத் தவறான மருந்து கொடுத்துவிட்டால் அதை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டிய தொழில் இது. அதற்குள் பொய்யான ஒரு கையெழுத்தோடு நுழையக் கூடாது.

ஆகவே வருகையைக் கேட்கிறார்களா, விசுவாசத்தைக் கேட்கிறார்களா என்பதைப் புத்தகத்தில் தேடிப் படி. படித்தும் புரியாவிட்டால் எழுத்தில் கேள்.

மற்ற விதிகளையும் வரி விடாமல் படிக்க வேண்டும். அமெரிக்காவில் மார்மன்கள் என்று அறியப்படும் லேட்டர்-டே செயின்ட்ஸ் சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில், வேறு மதத்து மாணவர்களும் ஒழுக்க விதிகளில் கையெழுத்திட வேண்டும். மது, புகையிலை மட்டுமல்ல, காபி, டீயும் அங்கே கூடாது. சபை உறுப்பினர் அல்லாதவருக்குக் கட்டணமும் கூடுதல். அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையின் லோமா லிண்டா பல்கலைக்கழகம் 1905-இல் நர்சிங் பள்ளியாகத்தான் ஆரம்பித்தது. அந்தச் சபையின் கல்வி நிலையங்களில் வெள்ளி சூரிய அஸ்தமனத்திலிருந்து சனி அஸ்தமனம் வரை வகுப்பு கிடையாது. இவற்றையெல்லாம் குறை என்று நான் சொல்லவில்லை. முன்கூட்டியே தெரிந்து ஒப்புக்கொண்டால் சுமையாகத் தெரியாது. சேர்ந்த பிறகு தெரியவந்தால் தினமும் உறுத்தும். உனக்குக் கட்டணச் சலுகை தருகிறார்கள் என்றால் அதற்குப் பதிலாக எத்தனை ஆண்டு அவர்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் பார்த்துவிடு.

பட்டத்தின் மதிப்பு பற்றிக் கேட்டாய். மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாட்டின் நர்சிங் ஒழுங்குமுறை அமைப்பு அந்தப் படிப்பை அங்கீகரித்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைக் கல்லூரி விளம்பரத்தில் பார்க்காதே, அந்த அமைப்பின் சொந்தப் பட்டியலில் பார். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்து, நர்சிங் படிப்புக்கு இல்லாமல் போவதும் உண்டு. அமெரிக்காவில் எந்தக் கல்லூரியில் படித்தாலும் என்கிளெக்ஸ் என்ற ஒரே உரிமத் தேர்வைத்தான் எழுத வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுச் செவிலியர் பயிற்சி குறைந்தது 3 ஆண்டு, 4,600 மணி நேரம் இருக்க வேண்டும். அதில் பாதியாவது நோயாளிகளோடு கழிந்திருக்க வேண்டும். வழிபாட்டு நேரத்தையும் சமயப் பாடத்தையும் இந்த மணிக்கணக்கில் சேர்த்துக் காட்ட முடியாது. அதனால் உன் கல்லூரியில் கேட்க வேண்டியது: கிளினிக்கல் போஸ்டிங் மொத்தம் எத்தனை மணி நேரம், எந்தெந்த ஆஸ்பத்திரியில், ஒரு ஆசிரியருக்கு வார்டில் எத்தனை மாணவர்கள், போன மூன்று வருஷத்தில் உரிமத் தேர்வில் முதல் தடவையே தேறியவர்கள் எத்தனை பேர்.

மத அமைப்புகள் ஏன் நர்சிங் கல்லூரி நடத்துகின்றன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவதும் உனக்கு நல்லது. இந்தத் தொழிலின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மதீனாவில் பள்ளிவாசலை ஒட்டிய கூடாரத்தில் காயம்பட்டவர்களைக் கவனித்தவராக ருஃபைதா அல்-அஸ்லமியாவை இஸ்லாமிய மரபு நினைவுகூர்கிறது. பிரான்ஸில் 1633-இல் வின்சென்ட் தே பவுலும் லூயீஸ் தே மரியாக்கும் தொடங்கிய சகோதரிகள் சபை மடத்துக்குள் அடைந்து கிடக்காமல் தெருவில் இறங்கி நோயாளிகளைத் தேடிப் போனது. ஜெபத்தின் நடுவே ஏழை ஒருவர் அழைத்தால் எழுந்து போய்விடுங்கள், அது கடவுளை விட்டுக் கடவுளிடமே போவது என்று வின்சென்ட் அவர்களிடம் சொல்லியிருந்தார். ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் 1836-இல் தொடங்கிய, டீக்கனஸ் எனப்படும் புராட்டஸ்டன்ட் தொண்டுச் சகோதரிகளின் இல்லத்தில்தான் 1851-இல் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் பயிற்சி பெற்றார்.

அந்த நைட்டிங்கேல் 1854-இல் கிரிமியப் போருக்குக் கூட்டிக்கொண்டு போன 38 பேரில் கத்தோலிக்கக் கன்னியர், ஆங்கிலிகன் சகோதரிகள், சம்பளத்துக்கு வேலை பார்த்த சாதாரண நர்சுகள் என எல்லாரும் இருந்தார்கள். அவர்களில் சில சகோதரிகளைப் பற்றி அவர் மனம் வெதும்பி எழுதியது எனக்கு மறக்கவே மறக்காது. கைகள் இல்லாத தேவதைகளைப் போல நோயாளிகளிடையே உலவுகிறார்கள், ஆன்மாவுக்கு ஆறுதல் சொல்கிறார்கள், உடம்பை அழுக்காகவே விட்டுவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். பிறகு 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளி எந்தச் சபையையும் சாராதது. அதே செயின்ட் தாமஸில் நர்சிங் படித்து, பின்னால் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். சாகும் தறுவாயில் இருப்பவர்களைக் கவனிக்க அவர் 1967-இல் திறந்த செயின்ட் கிறிஸ்டோஃபர் ஹாஸ்பிஸ் எந்த மதத்தினரையும், மதமே இல்லாதவரையும் ஒன்றுபோலச் சேர்த்துக்கொண்டது.

நீ சேரப்போகும் இடத்துக்குக் கைகள் இருக்கின்றனவா என்று பார். பிரசங்கம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பார்க்காதே. அவர்கள் ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரின் முதுகைப் பார்க்க முடிந்தால் பார். படுக்கைப் புண் இல்லாமல், தோல் உலர்ந்து சுத்தமாக, விரிப்பு சுருக்கம் இல்லாமல் இருந்தால் அந்தக் கல்லூரியை நம்பலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் யாரோ அவரைத் திருப்பிப் படுக்கவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மனசாட்சிப் பிரச்சினை இரண்டு பக்கமிருந்தும் வரும். நிறுவனத்தின் கொள்கையால் சில சேவைகள் அங்கே நடக்காமல் இருக்கலாம். கத்தோலிக்க ஆஸ்பத்திரிகளில் கருத்தடை ஆபரேஷனும் கருக்கலைப்பும் செய்வதில்லை. ஆனால் குடும்பக் கட்டுப்பாடு உன் பாடத்திட்டத்தில் இருக்கும், தேர்விலும் வரும், நாளைக்கு உன்னிடம் ஒரு தாய் வந்து கேட்கவும் செய்வாள். "அந்தப் பயிற்சியை எந்த ஆஸ்பத்திரியில் தருகிறீர்கள்?" என்று கேள். நேரான பதில் வந்தால் நல்ல கல்லூரி. மழுப்பினால் உன் படிப்பில் ஓட்டை விழும். உனக்கே ஒப்பாத செயல் ஒன்றில் பங்கேற்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை செவிலியருக்குப் பல நாடுகளில் உண்டு. அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், மாற்று ஆள் வரும்வரை நோயாளியை விட்டு நகரக் கூடாது, உயிர் போகும் அவசரத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இரு. வார்டில் நோயாளிகளிடம் மதப் பிரசுரம் கொடு, எங்கள் மதத்தைப் பற்றிச் சொல் என்று யார் சொன்னாலும் மறுத்துவிடு. கட்டிலில் கிடப்பவர் எழுந்து போக முடியாது. பெட்பான் வைக்க உன்னை நம்பியிருக்கும் மனிதரால் உன்னிடம் "வேண்டாம்" என்று சொல்லவும் முடியாது. நல்ல மத நிறுவனங்கள் இதைத் தாங்களே தடை செய்திருக்கும்.

மற்றவர் நம்பிக்கையை மதிப்பது என்றால் வாய் மூடிக்கொண்டு இருப்பது என்றும் எடுத்துக்கொள்ளாதே. சர்க்கரை நோயாளி ஒருவர் விரதம் இருக்கிறார், உன்னிடம் சொல்லவில்லை. நீ வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுவிட்டால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பும். ஊசியைக் கையில் எடுக்கும் முன்பு "சாப்பிட்டீங்களா, விரதமா?" என்று கேட்டு, டாக்டரிடம் சொல்லி அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டும். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இரத்தம் ஏற்ற மறுப்பார்கள். சுயநினைவோடு, விளைவு புரிந்து மறுக்கும் பெரியவரை வற்புறுத்தக் கூடாது. மறுத்ததை எழுத்தில் பதிந்து, டாக்டருக்கு உடனே தெரிவித்து, மாற்று வழிகளுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இதையெல்லாம் ஒரு மதப் பல்கலைக்கழகம் மிக நன்றாகச் சொல்லித் தர முடியும். நம்பிக்கை என்பது ஒருவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொந்த அனுபவத்திலேயே தெரியும். என் படிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

அப்பாவிடம் என்ன சொல்வது? நீ வேறு ஆளாகத்தான் திரும்பி வருவாய், அதை மறைக்காதே. இரண்டாம் ஆண்டுக்குள் ஒரு பிரசவத்தைப் பார்த்திருப்பாய், ஒரு மரணத்தைப் பார்த்திருப்பாய், இறந்தவரின் கண்ணை மூடி, உடம்பைத் துடைத்து, துணி மாற்றியிருப்பாய். எந்தக் கல்லூரியில் படித்தாலும் நர்சிங் அதைச் செய்துவிடும். அவர் பயப்படுவது மத மாற்றத்துக்கு என்றால், விதிமுறைப் புத்தகத்தை அவரோடு சேர்ந்து உட்கார்ந்து படி. வேறு மதத்து மாணவர்கள் எத்தனை பேர் படிக்கிறார்கள், அவர்களுக்குத் தங்கள் முறைப்படி வழிபட, விரதம் இருக்க, பண்டிகைக்கு லீவு எடுக்க அனுமதி உண்டா என்று அவரே நேரில் கேட்கட்டும். பெற்றவர் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளும் இடம் என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கட்டணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன்னால் ஒரு நாள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போ. அட்மிஷன் அலுவலகத்துக்கு வேண்டாம். மத்தியான ஷிப்ட் மாறும் நேரத்தில், வார்டிலிருந்து களைத்து வெளியே வரும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பிடி, அதில் ஒருத்தி உன்னைப் போலவே வேறு மதத்துப் பெண்ணாக இருக்கட்டும். "வேறு மதத்து நோயாளி சாகும் தறுவாயில் இருந்தால் உங்கள் வார்டில் என்ன செய்வீர்கள்?" என்று கேள். யாரைக் கூப்பிடுவார்கள், உடம்பை யார் தொடலாம் என்று வீட்டாரிடம் கேட்பார்களா, திரையைப் போட்டு எவ்வளவு நேரம் தனியாக விடுவார்கள் என்று அவள் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனால், அன்றைக்கே பணத்தைக் கட்டிவிடு. அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் டீச்சரம்மா